துடைத்த பச்சைப் புள்ளி

நாள் முழுவதும் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காருகிறவர்களுக்கு முதலில் கெடுவது கண் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கழுத்துதான் முதலில் போகும். பிறகு இடுப்பு. கண் கடைசிவரை விசுவாசமாக இருக்கும். பார்க்கச் சொன்னதைப் பார்க்கும். அதனால் உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் இந்த நாற்காலியைக் கொஞ்சம் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். ஏரி உறைந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு பேசுவது எனக்கு எளிது.

என் சொந்த வார்த்தைகளில் சொல்லச் சொன்னீர்கள். நான் ஹமே பக்கத்துக்காரன், பேச்சுக்குப் பஞ்சம் என்று பெயரெடுத்த மாகாணம். எங்களுக்குச் சொந்த வார்த்தைகள் குறைவு. நடுவில் பேசாமல் இருந்தால் முடிந்துவிட்டது என்று எண்ணி விசாரணைக் கோப்பை மூடிவிடாதீர்கள்.

நான் இரத்தக் குழாய்களை எண்ணுகிறவன். உமிழ்நீர்ச் சுரப்பிகளில், காதுக்கு முன்னாலும் தாடைக்கு அடியிலும் வரும் கட்டிகளில் எண்ணினேன். கட்டி வளர வேண்டுமானால் அதற்குத் தீனி வேண்டும். இரத்தம்தான் தீனி. அதற்காகத் தனக்கென்று புதுக் குழாய்களை முளைக்க வைத்துக்கொள்ளும். பழைய குழாய்களை விட்டுவிட்டு இந்தப் புதியவற்றை மட்டும் பழுப்பாகக் காட்டுகிற சாயம் ஒன்று இருக்கிறது. பழுப்பு எவ்வளவு நெருக்கமோ, கட்டி அவ்வளவு பொல்லாதது என்பது என் கொள்கை. என் பெயரும் அதனால்தான் வெளியே தெரிந்தது.

ஆனால் குழாய்கள் கட்டி முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு மூலையில் புதர்போல மண்டியிருக்கும், அடுத்த மூலை வெறுமையாகக் கிடக்கும். எல்லாவற்றையும் எண்ண ஓர் ஆயுள் போதாது. ஆகவே முதலில், கட்டியின் மெல்லிய சீவலை ஒட்டிய கண்ணாடியை, அந்த ஸ்லைடு முழுவதையும் மேலோட்டமாக ஓட்டிப் பார்த்து, பழுப்பு மிக நெருக்கமான இடத்தைத் தேர்ந்து, அதை மட்டும் பெரிதாக்கி எண்ண வேண்டும். எங்கேயும் இப்படித்தான் செய்கிறார்கள். அந்த இடத்துக்கு எங்கள் பிரிவில் 'மேல் பலகை' என்று பெயர். பெயர் வைத்தவள் இர்மெலி. சவுனாவில், அதாவது நீராவிக் குளியல் அறையில், கூரையை ஒட்டின மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தால்தான் எவ்வளவு சூடு என்று தெரியும், கீழ்ப் பலகையில் உட்கார்ந்தவன் பேச்சை நம்பாதே என்பாள்.

இர்மெலி என்னோடு பல வருடம் அதே பத்தாலஜிப் பிரிவில் இருந்த மருத்துவர். ஒரே ஸ்லைடை இரண்டு பேர் எண்ணி, இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. நான் முதல் ஆள், அவள் இரண்டாவது. கிழக்கே கரேலியாவிலிருந்து வந்த குடும்பம், அந்தப் பக்கத்து ஆட்கள் எங்களுக்கு நேர் எதிர். வாய் ஓயாது. திங்கட்கிழமைகளில் அரிசிக் கஞ்சியை உள்ளே வைத்து மடித்த ரை மாவு ரொட்டிகளைச் சுட்டு எடுத்துவருவாள். சிரித்தால் முகம் முழுவதும் சிரிக்கும். காதுகூடக் கொஞ்சம் அசையும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரு நாள் காபி நேரத்தில் கேட்டாள்.

“மேல் பலகை எதுன்னு யாரு முடிவு பண்றது, ரெய்யோ?”

“கண்ணுதான்.”

“யாரு கண்ணு?”

“என்னோடது.”

“அந்தக் கண்ணுக்கு அந்த ஆளு செத்துட்டான்னு முன்னாடியே தெரியுமே.”

நாங்கள் எண்ணியவை பழைய ஸ்லைடுகள். யார் பிழைத்தார், யார் பிழைக்கவில்லை என்பது ஏற்கெனவே முடிந்துபோன கதை. அது கண்ணை இழுக்கக் கூடாது என்று பெயர்ச்சீட்டுகள்மேல் காகிதம் ஒட்டியிருந்தேன். அதைச் சொன்னேன்.

“ஒட்டுனா மட்டும்? நீ துண்டோட வடிவத்தைப் பாத்தே ஆளைச் சொல்லிடுவ. 'இது அந்தப் படகு ரிப்பேர் பண்றவர்'னு போன வாரம் சொன்னது யாரு, நானா?”

நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாதபோது யோசிக்கிறேன் என்று பிறர் எடுத்துக்கொள்வார்கள். என் வாழ்க்கையில் எனக்குப் பெரிய உதவியாக இருந்த விஷயம் அது.

ஒன்றை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். எந்த எண்ணையும் நான் மாற்றி எழுதியதில்லை. எழுதிய எண்கள் எல்லாம் எண்ணிய எண்கள். இறந்தவர்களின் ஸ்லைடில் கொஞ்சம் கூடுதலாகத் தேடுவேன். தேடினால் கிடைக்கும். உயிரோடு இருப்பவர்களின் ஸ்லைடில் அவ்வளவு தேட வேண்டும் என்று தோன்றாது. அமைதியான ஓர் இடத்தில் மனம் நின்றுவிடும். இது ஏமாற்று என்றால், பிரியமான முகத்தை நெடுநேரம் பார்ப்பதும் ஏமாற்றுதான்.

கட்டுரைகள் வந்தன. மாநாடுகளில் கைதட்டினார்கள். பிறகு எங்கள் மருத்துவமனையிலேயே இந்த எண்ணிக்கையை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யலாம் என்ற பேச்சு வந்தது. எண்ணிக்கை அதிகமென்றால் முகத்தை அசைக்கும் நரம்போடு சேர்த்து வெட்டிவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பது. குறைவென்றால் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது. நல்ல யோசனை. தேவையில்லாத வேதனை குறையும். எங்கள் பிரிவில் எல்லோரும் சம்மதித்தார்கள். இர்மெலி மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

“எனக்கு நம்பிக்கை வரல,” என்றாள் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும். “முடிவு தெரியாத ஒருத்தரோட ஸ்லைடை எண்ணட்டும். முன்கூட்டியே சொல்லட்டும். அது பலிக்கட்டும். அப்ப போடறேன் கையெழுத்து. அதுவரைக்கும் இது ஜோசியம்.”

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிடும்போது, காதுக்கு முன்னால் பட்டாணிபோல ஏதோ விரலில் தட்டுப்பட்டது என்று சொன்னாள். சக்காரி அதை எடுத்தான். எங்கள் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைக்கு அறுவை செய்கிறவன் அவன். சாதாரணக் கட்டி என்று எண்ணித்தான் எடுத்தான். என் மேசைக்கு வந்தது. சாதாரணக் கட்டி இல்லை. நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும் ரகப் புற்று. அவசரமே படாது, வருடக்கணக்காகக்கூடக் காத்திருக்கும். அவளிடம் நான்தான் சொன்னேன்.

காதுக்கு முன்னால் இருந்த தையல் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “சத்தமே போடாம, மெதுவா, நரம்பைப் பிடிச்சிக்கிட்டே போகுமா? உங்க ஊர்க்காரன் மாதிரியே இருக்கே,” என்றாள்.

சக்காரி எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினான். சுற்றி வளைக்கத் தெரியாதவன்.

“இர்மெலி, கட்டியோட ஓரம் நரம்புக்கு ரொம்பப் பக்கத்துல இருந்துச்சு. மறுபடி உள்ள போய் நரம்பை எடுத்தா பாதி மூஞ்சி தொங்கிடும். அந்தப் பக்கம் கண்ணு மூடாது. கதிரும் குடுக்கணும். எடுக்காம விட்டா, அது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. ரெய்யோ, உன் எண்ணிக்கை என்ன சொல்லுதோ அதை வெச்சி முடிவு பண்ணிக்கறேன்.”

இர்மெலி என்னைப் பார்த்தாள்.

“சரிங்க ப்ரொபசரய்யா. முடிவு தெரியாத ஸ்லைடு ஒண்ணு கேட்டேன்ல. இந்தா, கொண்டாந்துட்டேன்.”

இரண்டாவது ஆளாக யார் எண்ணுவது என்ற கேள்வி வந்தது. நானே எண்ணுகிறேன் என்றாள். அது முறையில்லை என்று சொன்னேன். உண்மையாகவே சொன்னேன்; சக்காரியைக் கேட்டுப் பாருங்கள்.

“ஊர்ல வேற யாருக்கு இதை எண்ணத் தெரியும்? பல் டாக்டரைக் கூப்பிடலாமா?” என்றாள்.

எங்கள் அறையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கிற மைக்ராஸ்கோப் இருக்கிறது. இரண்டு பேர் பார்த்தாலும் ஸ்லைடை நகர்த்தும் திருகு ஒரு பக்கம்தான். திருகுப் பக்கம் உட்கார்ந்தவர் காட்டுவதை எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் பார்க்கலாம். ஒருவர் நகர்த்தும்போது மற்றவர் கை நீட்டுவது எங்களுக்குள் மரியாதைக் குறைவு. தினசரி வேலையில் ஒரு தடவை நான், ஒரு தடவை அவள்; ஆய்வு ஸ்லைடுகளுக்கு எப்போதும் நான்தான். அன்று அவளை இந்தப் பக்கம் உட்காரச் சொன்னேன். மறுத்துவிட்டாள்.

“நீயே நகர்த்து. இன்னிக்கு என் கை எனக்குச் சொந்தமா இல்ல. வழியில எதையும் காட்டாத. மேல் பலகைக்குப் போனதும் சொல்லு, அப்பத்தான் கண்ணைத் திறப்பேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மைக்ராஸ்கோப் விளக்கின் சின்ன இரைச்சல் மட்டும் இருந்தது. நான் நகர்த்தினேன். திருகு சுழலும் ஒலி அவளுக்குக் கேட்டிருக்கும். நிறையவே நகர்த்தினேன். அந்த நேரம் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மனுஷி தன் மொத்த உயிரையும் என் இரண்டு விரல்களில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். என்னை அவ்வளவு நம்பியவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை.

“வந்தாச்சு,” என்றேன்.

கண்ணைத் திறந்து குனிந்தாள்.

“இதுவா மேல் பலகை? காத்தாடுதே.”

“இதுதான்.”

உதடு அசைய எண்ணினாள். நானும் எண்ணினேன். தனித்தனியாகத் தாளில் எழுதித் திருப்பிக் காட்டினோம். ஒரே எண். சின்ன எண். எண்ணியவர்களுக்கு இடையே இவ்வளவு ஒற்றுமை அந்த ஆய்வு முழுவதிலும் வேறெங்கும் இல்லை. அறிக்கையில் இருவரும் ஒப்பமிட்டோம்.

“என்னோடது சோம்பேறிக் கட்டிடா சாமி,” என்று சிரித்தாள். முகம் முழுவதும்.

சக்காரி நரம்பைத் தொடவில்லை. கதிரும் கொடுக்கவில்லை. வசந்தத்தில், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் பிரிவின் குடிலில் சவுனா நாள் வந்தது. பெண்கள் முறை முடிந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு, தோளிலிருந்து ஆவி பறக்க வந்து என் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளாகப் பேசாமல் இருந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

“நான் தோத்துட்டேன், ரெய்யோ. கையெழுத்துப் போட்டுட்டேன். இந்த மூஞ்சியக் காப்பாத்தினது நீதான்.”

என் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான நாள் எது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் அதைத்தான் சொல்வேன். அவள் கையெழுத்துக்குப் பிறகு மருத்துவமனை முறையை ஏற்றுக்கொண்டது. அதன்படி முடிவு செய்யப்பட்ட மற்ற நோயாளிகளைப் பற்றித் தனியாகக் கேட்கப்போவதாகச் சொன்னீர்கள். கேளுங்கள். எனக்கு நேரம் இருக்கிறது.

ஏன் அந்த இடத்தைக் காட்டினேன் என்பதற்கு வருகிறேன். முதல் காரணம், அந்த முகம். எண்ணிக்கை அதிகம் என்று சொல்லியிருந்தால் சக்காரி அடுத்த வாரமே நரம்பை வெட்டியிருப்பான். அவள் சிரிப்பில் பாதி போயிருக்கும். நான் இரக்கப்பட்டேன் என்று எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணத்தை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். என் எண்கள் எப்படி உருவாயின என்பது எனக்குத்தான் தெரியும். இறந்தவர்களின் ஸ்லைடில் எவ்வளவு நேரம் தேடினேன் என்பதும் எனக்குத்தான் தெரியும். அப்படியிருக்க, அந்த எண்ணுக்கு எதையும் முன்கூட்டிச் சொல்லும் சக்தி கிடையாது என்பது எனக்கு உறுதி. ஒன்றும் சொல்லாத எண்ணை அதிகம் என்றால் என்ன, குறைவு என்றால் என்ன? யாருக்கும் நஷ்டம் இல்லை. குறைவு என்றால் ஒரு முகம் மிஞ்சும், ஒரு கையெழுத்து கிடைக்கும். என் முறையை எல்லோரும் நம்பினார்கள். நம்பாதவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். அவள் அதை வெளியே சொன்னாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் காபி குடிக்கும்போது அவள் உதட்டோரம் ஒரு சொட்டு வழிந்தது. துடைத்துக்கொண்டு, ஏலக்காய் ரொட்டி காய்ந்துபோயிருக்கிறது, விழுங்க வரவில்லை என்று ரொட்டியைத் திட்டினாள். சில நாள் கழித்து, சிரிக்கும்போது வலது பக்கம் ஒரு கணம் பிந்தி வந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. அவளே கவனிக்கவில்லை. கவனிப்பது என் தொழில். நரம்பு வழியாக ஏதோ மெதுவாக நடந்து போகிறது என்பது எனக்குத் தெரிந்தது.

நான் சொல்லவில்லை. பிறர் முகத்தைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கமில்லை. அவளாகக் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். இலையுதிர் காலம் முழுவதும் அவள் எதிரே உட்கார்ந்து காபி குடித்தேன். ஏரி உறையும்வரை அவள் கேட்கவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். நான் காத்திருக்கிறேன்.

பிறகு வலி வந்தது. சக்காரி படம் எடுத்துப் பார்த்தான். நரம்பைப் பிடித்துக்கொண்டே மண்டையோட்டின் அடிவரை போயிருந்தது. நுரையீரலிலும் இருந்தது. நரம்பு முழுவதும் கெட்டிருந்ததால் அதை வெட்டத் தேவையே இருக்கவில்லை; முகம் தானாகவே தொங்கிவிட்டது. அந்த வாரம் இர்மெலி தன் பழைய ஸ்லைடை எடுத்து, தனியாக, திருகுப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். காபி அறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். ஒரு கண் சிமிட்டியது. மற்றது திறந்தபடி என்னையே பார்த்தது.

“ஸ்லைடைப் பாத்தேன்.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“மேல் பலகை வேற இடத்துல இருக்கு. ஓரத்துல, நரம்பை ஒட்டி. புதர் மாதிரி.”

“கண்ணு தவறும், இர்மெலி.”

“தவறும். எனக்கும் எத்தனையோ தடவை தவறியிருக்கு.” அவளுக்குச் சொற்கள் ஒரு பக்கமாக வழுக்கி வந்தன. “ஆனா அந்த இடத்துக்கு நேர் மேல, கண்ணாடியில பச்சையா ஒரு வளையம் தெரியுதே. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிருக்க. சரியாத் துடைக்கல. இந்தக் கட்டடத்துல பச்சைப் பேனா யாருகிட்ட இருக்கு?”

முக்கியமான இடம் கண்ணில் பட்டால் கண்ணாடிமேல் மைப்பேனாவால் ஒரு புள்ளி வைப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். யோசித்துச் செய்வதில்லை; படிக்கிறவன் வரிமேல் விரல் வைப்பதுபோல. குழம்பக் கூடாது என்று அவள் நீலம் வைத்துக்கொண்டாள், நான் பச்சை.

“பேசு, ரெய்யோ. ஒரே ஒரு தடவை, வாயைத் திறந்து ஏதாவது சொல்லு.”

காபி இயந்திரம் கொதித்து அடங்கியது. அவளுக்குக் காத்திருக்கத் தெரியாது. அன்று காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். எங்கள் இருவரில் அதில் பழகியவன் நான்.

கடைசியில் எழுந்தாள். “நீ கீழ்ப் பலகையில உக்காந்துக்கிட்டு எனக்குச் சூடே இல்லன்னு சொல்லிட்ட,” என்றாள். மேசையில் இருந்த ரை ரொட்டிகளை, அவள் சுட்டவைதான், என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள். அன்று திங்கட்கிழமை.

உங்களுக்குப் புகார் எழுதியது அவள்தான் என்று தெரியும். இப்போது எழுந்து உட்கார முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். இளவேனில்வரை தாங்காது என்கிறான் சக்காரி. இனி மறைக்க ஒன்றுமில்லை, முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை இர்மெலி வருவதற்கு முன்பே ஸ்லைடைத் தனியாகப் பார்த்துவிட்டேன். தேட வேண்டியிருக்கவில்லை. ஓட்டியவுடனே கண் அங்கே போய் நின்றது. அவ்வளவு அடர்த்தியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கை தானாகப் பச்சைப் புள்ளி வைத்தது. எண்ணினேன். என் ஆய்வு முழுவதிலும் மிகப் பெரிய எண் அதுதான். அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துப் புள்ளியைத் துடைத்துவிட்டு, அதே ஸ்லைடில் வெறுமையான ஓர் இடத்தைத் தேடிவைத்துக்கொண்டேன். இர்மெலிக்குக் காட்டியது அந்த இடத்தைத்தான். தெரிந்தே காட்டினேன். கை தவறவில்லை, கண் தவறவில்லை.

எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இதற்காகத்தான் வக்கீல் வேண்டாம் என்று தனியாக வந்தேன்.

ஆய்வில் இர்மெலி இப்போது குறைந்த எண்ணிக்கைக்காரர்கள் பக்கம் இருக்கிறாள். குறைந்த எண்ணிக்கை, மோசமான முடிவு. அந்த ஒருத்தியால் வரைபடக் கோடு வளைந்துபோகிறது. அது பிழை. அவள் இடம் அது இல்லை. வளையம் இன்னும் கண்ணாடியில் இருக்கிறது. அந்த இடத்தை யாரை வேண்டுமானாலும் வைத்து எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு அவளை அதிக எண்ணிக்கைப் பக்கம் மாற்றிவிடுங்கள். நினைத்துப் பாருங்கள், ஆய்வில் இருந்த மற்ற எல்லோரையும் முடிவு தெரிந்த பிறகு எண்ணினேன். அந்த ஆய்வில் முடிவு தெரியாமல் எண்ணியது இவளை மட்டும்தான். எண் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. நானே நம்பாதிருந்த கொள்கை உண்மையென்று ஆகியிருக்கிறது. இதை வேறு யாராலும் இவ்வளவு சுத்தமாக நிரூபித்திருக்க முடியாது.

மாற்றியதும், அவளுக்கு நினைவு இருக்கும்போதே, யாராவது போய் இர்மெலியிடம் சொல்லுங்கள். முடிவு தெரியாத ஒன்றை எண்ணி, முன்கூட்டியே சரியாகச் சொல்லிக் காட்டு என்று அவள்தானே கேட்டாள். சரியாகத்தான் கண்டுபிடித்தேன். சத்தமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.